மாணவர்கள் சொன்னார்கள் என்று 8085 கிட்டைத் தூக்கலாமா?

கடிகாரத்துடிப்பு:
"மாணவர் கருத்தைக் கேட்டால் ஹார்டுவேர் பாடம் நீர்த்துப் போகும்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எங்கள் துறையில் இந்த முறை மாணவர் கருத்துப் படிவத்தில் திரும்பத் திரும்ப வந்தது ஒரே விஷயம்: 8085 மைக்ரோபிராசஸர் பயிற்சிக் கிட்டில் நிரலை ஹெக்ஸ் (பதினாறடிமான) எண்களாகக் கையால் தட்டுவதை நிறுத்துங்கள். மூன்று மணி நேர லேபில் பாதி அதிலேயே போகிறது. 1976இல் வந்த சிப் அது. கேஷ் (பிராசஸருக்குள் இருக்கும் வேக நினைவகம்) கிடையாது, பைப்லைன் (ஒரு கட்டளை முடியும் முன்பே அடுத்ததைத் தொடங்குவது) கிடையாது. எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே மாற்றி அமைக்கக்கூடிய சிப்) போர்டில் ரிஸ்க்-ஃபைவ் என்ற புதிய வகைப் பிராசஸர் ஒன்றை ஏற்றினால் இரண்டையும் காட்டலாம்.

சால்டர்புகை:
எழுதியது நான்தான். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். விடையை 4500 என்ற நினைவக முகவரியில் சேமிக்க 32 00 45 என்று தட்ட வேண்டும்: 32 சேமிக்கும் கட்டளை, பிறகு முகவரி, அதில் கீழ் பைட் (கடைசி இரண்டு இலக்கம்) முதலில். 32 45 00 என்று தட்டினால் விடை 0045க்குப் போகும். எங்கள் கிட்டில் அங்கே இருப்பது ரோம், படிக்க மட்டுமே முடிந்த நினைவகம். எதுவும் பதியாது, பிழைச் செய்தியும் வராது. அரை மணி நேரம் மண்டையை உடைத்து இதைக் கண்டுபிடித்தவன் பைட் வரிசையை மறக்கவே மாட்டான்.

கடிகாரத்துடிப்பு:
ரிஸ்க்-ஃபைவிலும் வழக்கமாகக் கீழ் பைட்தான் முதலில். டீபக்கரில் (நிரலை நிறுத்தி உள்ளே பார்க்கும் மென்பொருள்) மெமரியைத் திறந்தால் பத்து விநாடியில் தெரிந்துவிடும். மண்டை உடைந்தால்தான் படிப்பா?

நான்காம்செமஸ்டர்:
சார், அந்தப் படிவத்தை நிரப்பியவர்களில் நானும் ஒருத்தி. ஒரு கிட்டுக்கு நான்கு பேர், ஒருவர் தட்டினால் மூவர் வேடிக்கை பார்க்கிறோம் என்றும் எழுதியிருந்தோம். அதை யாருமே சொல்லவில்லை. அப்புறம், செமஸ்டர் முடிந்த பிறகு கேட்டால் எங்களுக்கு என்ன பயன்? ஐந்தாம் வாரத்திலேயே கேளுங்கள்.

சால்டர்புகை:
எந்த வாரத்தில் கேட்பது என்பதா இங்கே பேச்சு? தட்ட வேண்டுமா, வேண்டாமா? அதைச் சொல்லுங்கள். போன வருடம் "சிமுலேட்டர் போதும்" என்று இதே கடிகாரத்துடிப்புதான் முழங்கினார். சிக்னல்களைப் பதிந்து காட்டும் லாஜிக் அனலைசர் அலமாரிக்குள் போனது யாரால் என்று சொல்லட்டுமா?

லேட்ச்373:
8085இல் எட்டு பின்களை முகவரியும் தரவும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஏஎல்இ (இப்போது வருவது முகவரி என்று சொல்லும் சிக்னல்) துடிப்பில் 74373 என்ற லேட்ச் சிப் முகவரியைப் பிடித்து வைப்பதை ஆசிலாஸ்கோப்பில் பார்த்த அன்றுதான் பஸ் (சிப்புகளை இணைக்கும் பொதுக் கம்பித் தொகுதி) என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது. அதற்குக் கிட் வேண்டும், தட்டுவது வேண்டாம். சீரியல் போர்ட் இருந்தால் அதன் வழியே கணினியிலிருந்து நிரலை ஏற்றிவிடலாம்.

சால்டர்புகை:
ஏற்றினால் 32 00 45ஐ எழுதுவது அசெம்பிளர் (கட்டளைகளை எண்களாக மாற்றும் மென்பொருள்), மாணவன் இல்லை. முதலிலிருந்து நான் சொல்வதே இதுதான்! 22 வருடமாக இந்த லேபை நடத்துகிறேன், எனக்குத் தெரியாதா?

கடிகாரத்துடிப்பு:
22 வருடத்தில் ஒரு படிவத்தையாவது கடைசி வரி வரை படித்ததுண்டா?

நான்காம்செமஸ்டர்:
சார், உண்மையைச் சொல்கிறேன். 32 00 45ஐ நாங்கள் சீனியர் ரெக்கார்டைப் பார்த்துத்தான் தட்டுகிறோம். தப்பே வராது. நீங்கள் சொல்லும் அந்த அரை மணி நேரம் எங்கள் பேட்ச்சில் யாருக்கும் வாய்த்ததில்லை.

சால்டர்புகை:
அது உங்கள் நேர்மைக் குறைவு, கிட்டின் குறை இல்லை. அடுத்த முறை ஆளுக்கு ஒரு முகவரி கொடுக்கிறேன், எந்த ரெக்கார்டைப் பார்ப்பீர்கள் என்று பார்க்கலாம். ஆனால் கையால்தான் தட்ட வேண்டும்.

கடிகாரத்துடிப்பு:
அது இருக்கட்டும். அனலைசரைப் பூட்டியது நான் இல்லை. புரோப் உடைந்தது உங்கள் லேபில்.

சால்டர்புகை:
என் லேபிலா? ஸ்டாக் ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு வாருங்கள், பேசுவோம்.