பதில்: புரோட்டியேஸ் இன்ஹிபிட்டர் – ‘புரதத் தடுப்பி’ வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

‘புரோட்டியேஸ் இன்ஹிபிட்டர்’ என்பதற்குத் தமிழில் ‘புரதத் தடுப்பி’ என்று இங்கே வந்த பரிந்துரை எனக்கு ஒட்டவில்லை. இங்கே தடுக்கப்படுவது புரதம் அல்ல, புரதத்தை வெட்டும் நொதி, அதாவது புரோட்டியேஸ். உணவில் புரதம் சேராமல் தடுக்கும் மருந்து போலும் என்றுதான் படிப்பவர் நினைப்பார். புரோட்டியேஸுக்கு ‘புரதச் சிதைப்பி’ என்பதும் ஒட்டவில்லை, சிதைவு என்றால் கண்டபடி உருக்குலைவது. இந்த நொதிகள் இடம் பார்த்து வெட்டுபவை.

ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியையே எடுத்துக்கொள்வோம். விந்து வெளியேறியதும் கூழாகக் கட்டிக்கொள்கிறது. விந்துப்பையிலிருந்து வரும் செமினோஜெலின் என்ற புரதம்தான் காரணம். புராஸ்டேட் சுரக்கும் பிஎஸ்ஏ (PSA) என்ற புரோட்டியேஸ் அதைக் குறிப்பிட்ட இடங்களில் நறுக்க, ஏறக்குறைய அரை மணிக்குள் கூழ் நீர்த்துவிடுகிறது. புராஸ்டேட் கோளாறு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் பார்க்கிறார்களே, அதே பிஎஸ்ஏதான். ஆகவே புரோட்டியேஸுக்கு ‘புரதவெட்டி’ போதும். ‘வெட்டிப் பேச்சு’ நினைவுக்கு வந்து சிரிப்பு வரலாம். பாக்குவெட்டியைக் கண்டு யாரும் சிரிப்பதில்லை.

சரி, அந்தப் பாக்குவெட்டியின் வாயில் ஒரு பாக்கைக் கொடுக்கிறோம். பாதி வெட்டியதும் பாக்கு விரிந்து, அலகைக் கவ்வி, கருவியையே கோணலாக்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புரோட்டியேஸ்களை அடக்கும் செர்ப்பின் என்ற குடும்பத்துப் புரதங்கள் செய்வது இதைத்தான். செர்ப்பின் தன்னிடமிருந்து வளையம்போல் நீண்டிருக்கும் கண்ணியை வெட்டக் கொடுக்கும். வெட்டிய நொதி அதோடு பிணைந்துபோகும். அறுந்த கண்ணி உள்ளே மடியும்போது நொதியை மறுமுனைக்கு இழுத்துப்போய் உருக்குலைத்துவிடும். ஆல்ஃபா-1 ஆன்ட்டிகைமோடிரிப்சின் அந்த வகை. பெரும்பாலும் கல்லீரலில் உருவாவது. புராஸ்டேட் திசுவிலும் உருவாகிறது. ரத்தத்தில் பிஎஸ்ஏயின் பெரும்பகுதி இதோடுதான் பிணைந்திருக்கும். இது வழியில் நின்று மறிப்பதில்லை, ஆளையே முடக்கிவிடுகிறது. அதனால் இன்ஹிபிட்டருக்கு ‘முடக்கி’.

துத்தநாகமும் ஓர் இன்ஹிபிட்டர்தானே என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. புராஸ்டேட்டில் மிகுந்திருக்கும் துத்தநாகமும் பிஎஸ்ஏயை அடக்கி வைக்கிறது. ஆனால் செமினோஜெலின் வந்து துத்தநாகத்தைப் பற்றிக்கொண்டதும் நொதி விடுபட்டுவிடும். அதையும் முடக்கி என்னலாமா? என்னலாம் என்பேன். 2020இல் பொதுமுடக்கம் போட்டார்கள், அப்புறம் எடுத்தார்கள். முடக்கம் என்றால் நிரந்தரம் என்று நாம் யாரும் எண்ணவில்லையே.

ஆக, ‘புரதவெட்டி முடக்கி’. ஆய்வக அறிக்கைகளில் வரும் பிஎஸ்ஏயின் இரண்டு வகைக்கும் இதே வழியில் ‘பிணைந்த பிஎஸ்ஏ’, ‘தனித்த பிஎஸ்ஏ’ என்று எழுதலாம்.

ஒன்றுதான் இடிக்கிறது. புராஸ்டேட்டிலும் விந்துப்பையிலும் உருவாகும் இன்னொரு செர்ப்பினுக்கு ஆங்கிலத்தில் ‘புரோட்டீன் சி இன்ஹிபிட்டர்’ என்று பெயர். அங்கே புரதம் சி என்பதே, தூண்டப்பட்டதும் ஒரு புரதவெட்டி. ‘புரதம்-சி முடக்கி’ என்று எழுதினால் பழைய குழப்பம் திரும்பிவிடுமோ? வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.