ஆடுதுறை வீடு (குடும்பக் குழு): செந்தில் உயில் எழுதுகிறான்

செந்தில்: எல்லோருக்கும் வணக்கம். நானும் மீனாவும் இந்த வாரம் உயில் எழுதுகிறோம். பிள்ளைகளுக்குப் போக ஏதாவது தர்மத்துக்கு எழுதணுமா என்று வக்கீல் கேட்டார். காலேஜில் நான் இருந்த ஃப்ரட்டர்னிட்டியின் கல்வி அறக்கட்டளைக்குக் கொஞ்சம் எழுதலாம் என்று நினைக்கிறேன். பெரியப்பா, உங்கள் யோசனை வேண்டும்.

பிரேமா அத்தை: 45 வயசில் என்னடா உயில்? காலங்காத்தாலே இதைத்தான் படிக்க வேண்டுமா?

பெரியப்பா: உயில் எழுதினால் ஆயுசு குறையாது பிரேமா. எழுதாமல் போனவர்கள் வீட்டுச் சண்டையை நாற்பது வருஷம் பார்த்தவன் நான். அது கிடக்கட்டும், ஃப்ரட்டர்னிட்டி என்றால் என்ன?

அருண்: தாத்தா, இங்கிலீஷ் படத்தில் பீர் பீப்பாயை நடுவில் வைத்து ஆட்டம் போடுவார்களே, அந்த மாணவர் சங்க வீடு.

பிரேமா அத்தை: ராகிங் செய்து பையனைக் கொன்றார்களே, அதுவா?

செந்தில்: அது 2017-இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், வேறு ஒரு சங்கத்தில் நடந்தது அத்தை. குடிக்க வைத்தார்கள். படியில் விழுந்தவனை மணிக்கணக்கில் அப்படியே போட்டுவிட்டார்கள். ராகிங் சம்பவங்களைக் கல்லூரிகள் கணக்கெடுத்து வெளியிட வேண்டும் என்று அமெரிக்கா முழுவதுக்குமான சட்டம் 2024 டிசம்பரில்தான் வந்தது. இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. எங்களுடையது டிரையாங்கிள். 1907-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் பையன்கள் ஆரம்பித்தது. இன்ஜினியரிங், ஆர்க்கிடெக்சர், சயன்ஸ் படிப்பவர்களுக்கான சங்கம். பீரே கிடையாது என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

அம்மா: இது எனக்கு இத்தனை வருஷம் தெரியாது.

அருண்: சித்தப்பா மாட்டினார்.

கயல்: செந்தில் அத்தான், வக்கீலிடம் போகும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ளுங்கள். சங்கம் வேறு, அறக்கட்டளை வேறு. அமெரிக்க வரித்துறைக்குச் சங்கம் என்பது ஒரு கிளப், சட்டப் பிரிவு 501(சி)(7). அதற்குக் கொடுத்தால் ஒரு பைசா கழிவு கிடையாது. அறக்கட்டளை 501(சி)(3). வரிக்கழிவு இதற்குத்தான். உயிலில் "டிரையாங்கிளுக்கு" என்று மொட்டையாக எழுதினால் பின்னால் குழப்பம். அறக்கட்டளையின் சட்டப்படியான முழுப் பெயர், வரி எண் இரண்டும் வேண்டும்.

செந்தில்: கொடுக்கிற பணத்தை விடுதி வீட்டுக் கூரைக்குத் திருப்பிவிட்டால்?

கயல்: கல்வி அறக்கட்டளைப் பணத்தில் கூரை முழுவதையும் போட முடியாது. படிப்பறை, நூலகம், கம்ப்யூட்டர் என்று படிப்புக்கான பங்கு எவ்வளவோ அதற்கு மட்டும்தான். அவர்கள் வருஷக் கணக்குக் காட்டுகிற 990 படிவத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஸ்காலர்ஷிப்புக்கு எவ்வளவு போகிறது, சம்பளத்துக்கு எவ்வளவு போகிறது என்று அதில் இருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பெரியப்பா: நான் நேராகவே கேட்கிறேன். நீ ஐந்தாவது வரை படித்த ஆடுதுறைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தால் என்ன?

பிரேமா அத்தை: அதைச் சொல்லுங்கள் அண்ணா!

கயல்: பெரிய மாமா, அத்தான் இப்போது அமெரிக்கக் குடிமகன். அவர் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை. வாங்குகிற இடத்துக்கு எஃப்சிஆர்ஏ (இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு வேண்டும். நேரடியாக அனுப்பினால் இங்கே அமெரிக்காவிலும் வரிக்கழிவு இல்லை.

பெரியப்பா: ஆமாம், ஆடிட்டர் நானே மறந்துவிட்டேன். இந்தியப் பாஸ்போர்ட் இருந்து சொந்தச் சேமிப்பில் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. சரி, பள்ளிக்கூடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு நன்கொடைக்கான வரிக்கழிவு கூடக் கிடைக்காது, புது வரிமுறைக்கு மாறிவிட்டேன். ஆனால் நீ ஏன் அங்கே கொடுக்க வேண்டும் என்பதை இன்னும் சொல்லவில்லை.

செந்தில்: 2001-இல் அப்பாவுக்கு வேலை போனது ஞாபகம் இருக்கிறதா? ஊருக்குச் சொல்லவே இல்லை, தெரியாமலும் இருக்கலாம். அந்த வருஷம் என் புத்தகச் செலவு முழுக்க அவர்கள் கொடுத்த ஸ்காலர்ஷிப்தான். அதைவிட, சனிக்கிழமைதோறும் ஒரு பழைய மாணவர் வருவார். பாலம் கட்டுகிற கம்பெனியில் ரிட்டையர் ஆனவர். எங்கள் ரெஸ்யூமேயை வரி வரியாகத் திருத்துவார். இன்டர்வியூவில் எப்படி உட்கார வேண்டும் என்பதிலிருந்து டை கட்டுவது வரை அவர் சொல்லிக்கொடுத்ததுதான். ஒரு டாலர் கேட்டதில்லை. "உன் முறை வரும்போது நீ வா" என்பார். நான் இருபது வருஷமாகப் போகவில்லை.

அம்மா: ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்று அவர்தான் சொன்னார்.

பெரியப்பா: எனக்கே சொல்லவில்லை. சரி.

*பெரியப்பா ஒரு செய்தியை நீக்கினார்*

பெரியப்பா: அப்படியானால் எழுது. தொகையாக எழுதாதே, சதவீதமாக எழுது. 1975-இல் ஒருவர் கோயிலுக்கு 500 ரூபாய் என்று உயில் எழுதினார். பெரிய தொகை. காரியம் முடிந்து கைக்கு வந்தபோது மாலை வாங்கத்தான் காணும். இன்னொன்று, அந்த அறக்கட்டளையே மூடிப்போனால் பணம் யாருக்கு என்றும் எழுதிவிடு.

கயல்: அத்தான், உயிலில் எழுதுவதைவிட லேசான வழி ஒன்று இருக்கிறது. பழைய வேலையின் பணத்தை ஐஆர்ஏ என்கிற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றினீர்களே, அதில் அறக்கட்டளையை ஒரு பங்குக்கு நாமினியாகப் போடுங்கள். அந்தப் பணம் பிள்ளைகளுக்குப் போனால் பொதுவாகப் பத்து வருஷத்துக்குள் எடுத்து வருமான வரியும் கட்ட வேண்டும். அறக்கட்டளைக்கு வரி இல்லை. வீட்டைப் பிள்ளைகளுக்கு வையுங்கள். நாமினி போட்ட பணத்துக்கு உயில் பேசாது, படிவம்தான் பேசும்.

செந்தில்: வேலையிடத்து ஓய்வுக்காலச் சேமிப்பு, 401கே, அதிலும் அப்படியே போடலாமா?

மீனா: 401கே-யில் என் சம்மதக் கையெழுத்து இல்லாமல் வேறு யாரையும் நாமினி ஆக்க முடியாது. நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

அருண்: சித்தி 1, சித்தப்பா 0.

செந்தில்: ஐஆர்ஏ மட்டும். 5 சதவீதம். மீனா சரி என்றால்.

மீனா: 5 சரி. ஆனால் செத்த பிறகு கொடுப்பது இருக்கட்டும், சனிக்கிழமை போங்கள். அந்தப் பெரியவர் சொன்னது அதைத்தானே.

செந்தில்: நேப்பர்வில் வீட்டிலிருந்து காலேஜுக்குப் போக வர 260 மைல்.

மீனா: கோல்ஃப் மட்டையைத் தூக்கிக்கொண்டு விஸ்கான்சின் போகிறபோது மைல் கணக்குப் பார்த்ததில்லை.

கயல்: அறக்கட்டளை வேலையாகப் போனால் மைலுக்கு 14 சென்ட் கழித்துக்கொள்ளலாம் அத்தான், செலவுகளை வரிப்படிவத்தில் விவரமாகக் காட்டினால். 36 டாலர் 40 சென்ட். உங்கள் நேரத்துக்கு மதிப்புக் கிடையாது.

மீனா: அதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா: கயல், அவருடைய ஐஆர்ஏ என் பெயருக்கு மாறியதே, அதில் வருஷா வருஷம் எடுத்தே ஆக வேண்டும் என்று லெட்டர் வருகிறது. எடுத்தால் வரி என்கிறார்கள். அதை இவர்களுக்குக் கொடுக்க முடியுமா?

கயல்: அத்தை, உங்களுக்கு 74 ஆகிறது, தாராளமாக முடியும். எழுபதரை தாண்டினாலே போதும். ஆனால் பணம் உங்கள் கைக்கு வந்து போகக் கூடாது. ஐஆர்ஏ வைத்திருக்கிற கம்பெனியே அறக்கட்டளை பெயருக்கு செக் அனுப்ப வேண்டும். கட்டாயமாக எடுக்க வேண்டிய தொகையில் அது கழியும், உங்கள் வருமானத்திலும் சேராது. ரசீதை மட்டும் பத்திரமாக வாங்கி வையுங்கள்.

அம்மா: 500 டாலர் அனுப்பச் சொல். புத்தகச் செலவுக்கு என்று போட முடியுமா என்று கேள்.

செந்தில்: அம்மா, நீ எதற்கு?

அம்மா: அந்த வருஷம் நான் ஒரு வளையலை விற்கலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். விற்கவில்லை. இப்போதும் கையில்தான் இருக்கிறது.

பிரேமா அத்தை: வெள்ளிக்கிழமையா கையெழுத்து? பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம்.

அருண்: எந்த ஊர் நேரப்படி பாட்டி?

பெரியப்பா: கையெழுத்து அமெரிக்காவில் என்றால் ராகுவும் அமெரிக்க நேரம்தான்.

மீனா: வக்கீல் 2 மணிக்குத்தான் வரச் சொல்லியிருக்கிறார் அத்தை. சாட்சி இரண்டு பேர் வேண்டுமாம். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டேன்.