ரோபோ காலி இடத்தில் நின்றுவிடுகிறது, சுவரைப் பார்த்தால் நிற்பதில்லை. உதவி தேவை

சுழல்சக்கரம்
வணக்கம். கட்டடத்துக்குள் தானாக ஓடுகிற சின்ன ரோபோ. ஸ்டீரியோ கேமராவில் (இரண்டு கண் போல இரண்டு லென்ஸ்) ஆழப்படம் (ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரம் என்று காட்டும் படம்) எடுத்து, ஒன்றரை மீட்டருக்குள் ஏதாவது வந்தால் நிற்கும்படி எழுதியிருக்கிறேன். திடீர் திடீரென்று ஒன்றுமே இல்லாத இடத்தில் நின்றுவிடுகிறது. இன்னொரு நேரம் சுவர் கண்ணெதிரே இருக்கிறது, கண்டுகொள்ளாமல் போய் உரசுகிறது. கோடில் தப்பில்லை, கிட்டி என்ற, காரில் எடுத்த பொதுத் தரவுத்தொகுப்பில் ஓட்டினால் அழகாக வருகிறது. வெள்ளிக்கிழமை டெமோ. யாராவது சொல்லுங்கள் ப்ளீஸ்.

நிழல்முனை
என்ன கேமரா? ஒரே பலகையில் இரண்டு லென்ஸும் இருக்கும் வகையா, தனித்தனிக் கேமராக்களா? பேஸ்லைன், அதாவது இரண்டு லென்ஸுக்கும் இடைவெளி, எவ்வளவு? நொடிக்கு எத்தனை ஃபிரேம்? ரோபோ என்ன வேகத்தில் போகிறது? இதெல்லாம் தெரியாமல் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

சதுரங்கப்பலகை
கேலிபிரேஷன்தான் (சதுரங்கக் கட்டம் போட்ட பலகையைப் படமெடுத்து லென்ஸ்களை அளந்து சரிசெய்வது), வேறென்ன. ஸ்டீரியோவில் வரும் தொல்லைகளில் பத்துக்கு ஒன்பது இதுதான். பலகையைப் படத்தின் நடுவிலேயே பிடித்து எடுத்திருப்பீர்கள். நான்கு மூலைகளிலும், சாய்த்தும், கிட்டேயும் தள்ளியும் பிடித்து எடுக்க வேண்டும். மூலைகளில் புள்ளிகளே இல்லாமல் லென்ஸின் வளைவை எந்த மென்பொருளாலும் கணிக்க முடியாது. காகிதத்தில் அச்சடித்துக் கையில் பிடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள். காகிதம் வளையும். ஜாங் என்ற ஆய்வாளர் 2000இல் வெளியிட்ட கேலிபிரேஷன் முறைக்குப் பலகை தட்டையாக இருப்பதே அடிப்படை. கண்ணாடியில் ஒட்டி எடுங்கள்.

மூத்தவாசி
இந்தக் கேள்வி மாதம் ஒரு முறை வருகிறது. தேடல் பெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது, கண்ணில் படவில்லையா? ஸ்டீரியோவில் ஆழப் பிழை தொலைவின் வர்க்கத்தில் ஏறும். தொலைவு இரு மடங்கானால் பிழை நான்கு மடங்கு. முதலில் அதைப் படித்துவிட்டு ரோபோவைத் தொடுங்கள்.

லைடார்லிங்கம்
கேமராவைக் கழற்றிவிட்டு ஒரு 2டி லைடாரை (லேசரால் தூரம் அளக்கும் சென்சார்) மாட்டுங்கள் சகோ. வேலை முடிந்தது.

சுழல்சக்கரம்
கேலிபிரேஷன் பிழை 0.3 பிக்சல்தான், பலகையும் கண்ணாடியில்தான் ஒட்டியிருக்கிறேன். சாதாரண யூஎஸ்பி கேமரா. லைடாருக்குப் பணம் இல்லை, பார்வையை வைத்துச் செய்வதுதான் புராஜெக்ட்டே.

நிழல்முனை
"சாதாரண யூஎஸ்பி கேமரா" என்றால்? ஒன்றா, இரண்டா?

அரைவட்டம்
எனக்குச் சுவர் மேல்தான் சந்தேகம். வெள்ளைச் சுவரில் பொருத்துவதற்குப் புள்ளியே கிடைக்காது. இடப் படத்தில் உள்ள ஒரு துண்டு, வலப் படத்தில் எங்கே வைத்தாலும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் சுவர் தெரியாமல் போய் உரசுகிறது. சுவரில் செய்தித்தாளை ஒட்டிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். அகச்சிவப்புப் புள்ளிகளைத் தெளிக்கும் ஆழக் கேமராக்கள் எல்லாம் வந்தது இதற்காகத்தானே.

பிக்சல்பண்டாரம்
அரைவட்டம் சொல்வது பாதிக்குத்தான் பொருந்துகிறது. வெள்ளைச் சுவர் என்றால் ஆழப்படத்தில் ஓட்டை விழும், அல்லது உப்பு தூவியது போல் அங்கங்கே குப்பை மதிப்பு வரும். இவருக்கோ காலி இடத்தில் பொருள் முளைக்கிறது, சுவர் விலகிப் போகிறது. இரண்டு திசையிலும் பிழை.

சுழல்சக்கரம், ஒன்றே ஒன்று சொல்லுங்கள். இது நேராகப் போகும்போது நடக்கிறதா, திரும்பும்போதா? திரும்பும்போது என்றால் எந்தப் பக்கம் திரும்பினால் நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்பினால் உரசுகிறது?

மூத்தவாசி
திரும்புவதற்கும் ஸ்டீரியோவுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு படமும் ஒரே கணத்தில் எடுக்கப்படுகின்றன, வண்டி எப்படிப் போனால் என்ன. ஸ்டீரியோவின் அழகே அதுதான். ஒற்றைக் கேமராவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பிக்சல்பண்டாரம்
ஒரே கணத்தில் எடுக்கப்பட்டால், ஐயா. அந்த "ஆல்" தான் கேள்வியே.

சுழல்சக்கரம்
இரண்டு தனி வெப்கேம். 10 செ.மீ. இடைவெளி, 640க்கு 480, 30 ஃபிரேம். ஆமாம், திரும்பும்போதுதான் என்று இப்போது தோன்றுகிறது. வலப்பக்கம் திரும்பினால் நின்றுவிடுகிறது, இடப்பக்கம் திரும்பினால் உரசுகிறது. ஆனால் நேற்று இதற்கு நேர்மாறாக இருந்தது. நேரம் சரியாகத்தான் இருக்கிறது, ஆர்ஓஎஸ்ஸில் (ரோபோ மென்பொருள் தளம்) இரண்டு படத்தின் டைம்ஸ்டாம்ப்பும் (நேர முத்திரை) கிட்டத்தட்ட ஒன்று.

நிழல்முனை
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் நண்பா :)

பிக்சல்பண்டாரம்
சரி, ஆள் அகப்பட்டுவிட்டார் என்றே நினைக்கிறேன். டைம்ஸ்டாம்ப்பை நம்பாதீர்கள். சாதாரண வெப்கேமில் அது பெரும்பாலும் ஃபிரேம் கணினிக்கு வந்து சேர்ந்த நேரம், படம் எடுத்த நேரம் அல்ல. ஆர்ஓஎஸ்ஸின் தோராய நேரப் பொருத்தி இருப்பதில் பக்கத்துப் பக்கத்து முத்திரைகளைச் சேர்த்துவைக்கும், அவ்வளவுதான். இரண்டு கேமராவும் தத்தம் கடிகாரத்தில் தன்பாட்டுக்கு ஓடுகின்றன. 30 ஃபிரேமில் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் 33 மில்லிசெகண்ட். ஆகவே மிக அருகில் உள்ள ஜோடியை எடுத்தாலும் 16 மில்லிசெகண்ட் வரை முன்பின் இருக்கலாம்.

நின்ற இடத்தில் இது ஒன்றும் செய்யாது. பலகையை அசையாமல் பிடித்து கேலிபிரேஷன் செய்தபோதும் ஒன்றும் செய்திருக்காது, அதனால்தான் 0.3 பிக்சல் வந்தது. திரும்பும்போது கணக்கைப் பாருங்கள். ரோபோ நொடிக்கு 60 டிகிரி திரும்புகிறது, வலக் கேமரா 15 மில்லிசெகண்ட் தாமதம் என்று வைப்போம். அந்த இடைவெளியில் 0.9 டிகிரி திரும்பிவிடும். உங்கள் கேமராவுக்குக் குவியத் தொலைவு சுமார் 600 பிக்சல் இருக்கும் என்று கொண்டால், வலப் படம் முழுக்க 9 பிக்சலுக்கு மேல் நகர்ந்துவிடுகிறது. 2 மீட்டரில் இருக்கும் சுவருக்கு 10 செ.மீ. பேஸ்லைனில் வரவேண்டிய டிஸ்பாரிட்டியே, அதாவது ஒரே புள்ளி இரண்டு படத்திலும் விலகி நிற்கும் அளவே, 30 பிக்சல்தான். அது கூடினால் பொருள் கிட்டே, குறைந்தால் தள்ளி. வலப்பக்கம் திரும்பினால் காட்சி இடப்பக்கம் நழுவும். தாமதமான வலப் படத்தில் அது கூடுதலாக நழுவியிருக்கும், எனவே 30 என்பது 39 ஆகும். சுவர் ஒன்றரை மீட்டரில் இருப்பதாகத் தெரியும், ரோபோ நின்றுவிடும். இடப்பக்கம் திரும்பினால் 30 என்பது 21 ஆகும். சுவர் ஏறத்தாழ 2.9 மீட்டரில் இருப்பதாக நம்பிக்கொண்டு போய் உரசும்.

இதில் கெட்ட விஷயம், நகர்வு அதே கிடைவரிசைக்குள்ளேயே நடக்கிறது. மேலே கீழே நகர்ந்திருந்தால் பொருத்தம் கிடைக்காமல் ஆழப்படத்தில் ஓட்டை விழுந்து, நமக்கும் சந்தேகம் வந்திருக்கும். கிடையாக நகர்ந்தால் அல்காரிதத்துக்கு எல்லாம் சுபம். பளிங்குபோல் சுத்தமான ஆழப்படம் வரும், அத்தனையும் தப்பு.

நேற்று நேர்மாறாக இருந்தது என்றீர்களே, அதுவும் இதோடு பொருந்துகிறது. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் எந்தக் கேமரா முந்தும் என்பது அதன் அதிர்ஷ்டம்.

சதுரங்கப்பலகை
நல்ல விளக்கம். ஆனாலும் ஆட்டோஃபோகஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். ஃபோகஸ் மாறினால் குவியத் தொலைவும் மாறும், கேலிபிரேஷன் போச்சு.

அரைவட்டம்
கிட்டியில் மட்டும் ஏன் சரியாக வருகிறது? அதிலும் கார் திரும்புகிறதே.

பிக்சல்பண்டாரம்
கிட்டி 2012இல் கார்ல்ஸ்ரூவே தொழில்நுட்பக் கழகமும் சிகாகோவில் உள்ள டொயோட்டா தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து வெளியிட்டது. காரின் கூரையில் கேமராக்களுக்குச் சற்றுப் பின்னால் ஒரு சுழலும் லைடார் இருக்கும். அது முன்பக்கம் பார்க்கும் கணத்தில் கேமராக்களுக்கு டிரிகர் (படம் எடு என்ற சமிக்ஞை) போகும், நொடிக்கு 10 முறை. வன்பொருளிலேயே நேரத்தைக் கட்டிவைத்துவிட்டார்கள். பேஸ்லைனும் 54 செ.மீ. அந்தத் தரவில் ஓடுகிறது என்றால் உங்கள் கோடு சரி என்று பொருள், உங்கள் கேமராக்கள் சரி என்று பொருள் அல்ல.

லைடார்லிங்கம்
பார்த்தீர்களா, கிட்டியிலேயே கேமராவை வழிநடத்துவது லைடார்தான் :) 2005 டார்ப்பா தானியங்கி வாகனப் பந்தயத்தில் பாலைவனத்தில் 212 கிலோமீட்டர் ஓடி ஜெயித்த ஸ்டான்லி என்ற காரின் தலையில் இருந்ததும் ஐந்து லேசர். கேமராவை மட்டும் நம்பி யாரும் ஜெயித்ததில்லை.

அரைவட்டம்
ஸ்டான்லியைப் பாதி மட்டும் சொல்கிறீர்களே. லேசருக்கு 20 மீட்டர் சொச்சம் வரைதான் பாதை தெரிந்தது. அந்தக் கிட்டத்துப் பாதையின் நிறத்தை லேசரிடம் பாடம் கேட்டு, அதேபோல் இருக்கும் தரையை இன்னும் தொலைவுக்குக் காட்டியது கேமரா. அது இருந்ததால்தான் வேகமெடுக்கத் துணிந்தது. இன்னும் பின்னால் போனால், 1995இல் எர்ன்ஸ்ட் டிக்மன்ஸின் குழு மியூனிக்கிலிருந்து டென்மார்க்கின் ஓடன்ஸவுக்குக் காரை ஓட்டிப் போனது. போகவரச் சுமார் 1,700 கிலோமீட்டர், பெரும்பகுதி தானியங்கியாக. லைடார் கிடையாது, கேமராதான்.

லைடார்லிங்கம்
நெடுஞ்சாலையில் கோட்டைப் பிடித்துக்கொண்டு போவது ஒரு வேலையா? ஓட்டுநர் உள்ளே உட்கார்ந்திருந்தார். உங்கள் ரோபோவுக்குள் யார் உட்கார்வார்கள்?

அரைவட்டம்
லைடாருக்குக் கண்ணாடிக் கதவு தெரியுமா என்று முதலில் சொல்லுங்கள்.

லைடார்லிங்கம்
கேமராவுக்கு இருட்டு தெரியுமா என்று நீங்கள் சொல்லுங்கள்.

மூத்தவாசி
இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் போல் சண்டை போட வேண்டாம். சென்சார்களை இணைத்துப் பயன்படுத்துவது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கேமராக்களை ஒத்திசைக்காமல் ஸ்டீரியோ என்று சொல்லவே கூடாது என்பதை நான் பல இழைகளில் எழுதியிருக்கிறேன்.

நிழல்முனை
இந்த இழையில் எழுதியது வேறு மாதிரி இருக்கிறதே, ஐயா.

லைடார் கச்சேரிக்குத் தனி இழை திறங்கள், இங்கே ஒருவருக்கு வெள்ளிக்கிழமை டெமோ. சுழல்சக்கரம், பிக்சல்பண்டாரம் சொன்னதைச் சோதிக்கச் சுலபமான வழி: கைபேசியில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு இரண்டு கேமராவிலும் தெரிகிறபடி வைத்து, ஜோடி ஜோடியாக ஃபிரேம்களைச் சேமித்து எண்ணை ஒப்பிடுங்கள். ஆனால் கைபேசித் திரை நொடிக்கு 60 முறைதான் மாறும், ஆகவே 17 மில்லிசெகண்டுக்குக் கீழே அதை நம்ப முடியாது. மைக்ரோகன்ட்ரோலர் இருந்தால் பத்து எல்இடிகளை வரிசையாக வைத்து, 2 மில்லிசெகண்டுக்கு ஒன்றாக எரியவிட்டுப் படம் எடுங்கள். இடப் படத்தில் மூன்றாவது விளக்கும் வலப் படத்தில் எட்டாவது விளக்கும் எரிந்தால் 10 மில்லிசெகண்ட் வித்தியாசம். இதற்கு எக்ஸ்போஷர் (கேமரா ஒளி வாங்கும் நேரம்) குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லா விளக்கும் சேர்ந்து எரிவதுபோல் தெரியும்.

பிக்சல்பண்டாரம்
எக்ஸ்போஷர் என்றதும் ஞாபகம் வந்தது. வெளிச்சம் குறைந்தால் பல வெப்கேம்கள் சொல்லாமல் கொள்ளாமல் 30இலிருந்து 15 ஃபிரேமுக்கு இறங்கிவிடும். அப்போது முன்பின் வித்தியாசம் 33 மில்லிசெகண்ட் வரை போகலாம், படமும் இழுபடும். தானியங்கி எக்ஸ்போஷரை அணைத்து, கையால் ஒரு மதிப்பு வையுங்கள். சதுரங்கப்பலகை சொன்னபடி ஃபோகஸையும் பூட்டுங்கள்.

முழுத் தீர்வு வேண்டுமானால் கேமராவை மாற்றத்தான் வேண்டும். டிரிகர் முனை உள்ள குளோபல் ஷட்டர் (படம் முழுவதையும் ஒரே கணத்தில் பிடிப்பது) ஜோடி, அல்லது இரண்டு சென்சாரும் ஒரே கடிகாரத்தில் ஓடி இரண்டு படமும் ஒரே ஃபிரேமாகப் பக்கத்தில் பக்கத்தில் வரும் யூஎஸ்பி பலகை. வெள்ளிக்கிழமைக்குள் அது நடக்காது. அதுவரை இரண்டு ஒட்டுவேலை இருக்கிறது. திரும்பும் வேகத்தைக் குறையுங்கள், இல்லாவிட்டால் திரும்பும் நேரத்தில் வரும் ஆழப்படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, நின்ற பிறகு புதிதாக எடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஹான்ஸ் மொராவெக்கின் ஸ்டான்ஃபோர்டு வண்டி 1979இல் நாற்காலி நிறைந்த அறையைக் கடந்தது இப்படித்தான். ஒரு மீட்டர் போகும், நிற்கும், ஒரே கேமராவைத் தண்டவாளத்தில் நகர்த்தி ஒன்பது படம் எடுக்கும், பத்துப் பதினைந்து நிமிடம் யோசிக்கும், அப்புறம் அடுத்த மீட்டர். அறையைக் கடக்க சுமார் ஐந்து மணி நேரம்.

அரைவட்டம்
வெளியே ஓட்டியபோது அது யோசித்து முடிப்பதற்குள் நிழல்கள் நகர்ந்து குழப்பிவிட்டன என்றும் மொராவெக் எழுதியிருக்கிறார்.

லைடார்லிங்கம்
லைடாருக்கு நிழல் தொல்லை இல்லை.

நிழல்முனை
லிங்கம்…

சுழல்சக்கரம்
ஓடுகிறது. எக்ஸ்போஷரைப் பூட்டினேன், திரும்பும் வேகத்தையும் குறைத்தேன். டெமோ முடிந்தது. எல்லோருக்கும் நன்றி.

பிக்சல்பண்டாரம்
மகிழ்ச்சி. எல்இடி சோதனை செய்தீர்களா? எவ்வளவு வித்தியாசம் வந்தது? இரண்டையும் ஒன்றாக மாற்றியதில் எது வேலை செய்தது என்று தெரியவில்லை. வேகத்தை எவ்வளவுக்குக் குறைத்தீர்கள் என்பதையாவது எழுதுங்கள்.

சதுரங்கப்பலகை
ஃபோகஸைப் பூட்டினாரா என்பதையும் சொல்லவில்லை.

நிழல்முனை
அவர் இனி வரமாட்டார் என்று தோன்றுகிறது. பிக்சல்பண்டாரம், இதே தொல்லையோடு தேடி வருபவர்களுக்கு ஒரு எண் சொல்லிவிடுங்களேன். எவ்வளவு வேகம் வரை சமாளிக்கலாம்?

பிக்சல்பண்டாரம்
அதே 600 பிக்சல், அதே 10 செ.மீ., அதே 15 மில்லிசெகண்ட் என்றால், நொடிக்கு 10 டிகிரி திரும்பும்போது நகர்வு ஒன்றரை பிக்சல். 2 மீட்டர் சுவர் 1.9 மீட்டராகவோ 2.1 மீட்டராகவோ தெரியும். ஒன்றரை மீட்டரில் நிற்கும் ரோபோவுக்கு அது பரவாயில்லை. சுவர் 6 மீட்டரில் இருந்தால் டிஸ்பாரிட்டியே 10 பிக்சல்தான், அதே ஒன்றரை பிக்சல் அதை 5.2 மீட்டராகவோ 7 மீட்டராகவோ காட்டும். ஆகவே அந்த ஆழப்படத்தை வைத்து வரைபடம் போடப் போகிறவர்கள் இந்த ஒட்டுவேலையோடு நிறுத்திக்கொள்ள முடியாது, டிரிகர் உள்ள கேமரா வாங்கத்தான் வேண்டும்.

மூத்தவாசி
தொலைவின் வர்க்கம் என்று நான் மேலே சொன்னது இதைத்தான்.