அப்பா போன பிறகு குடும்ப ஜெபம் நின்றுவிட்டது

பாளையங்கோட்டையில் இருக்கிறோம். அப்பா மாரடைப்பில் தவறி இரண்டு மாதமாகிறது. தினமும் இரவு 8 மணிக்குக் குடும்ப ஜெபத்தை நடத்தியது அவர்தான். அவரை அடக்கம் செய்த நாளோடு அது நின்றேபோனது. அவருடைய வேதாகமத்துக்குள் மூக்குக் கண்ணாடி இன்னும் அப்படியே இருக்கிறது; அம்மா யாரையும் எடுக்க விடுவதில்லை.

எங்கள் சபைப் போதகரான ஐயர் இரண்டு முறை வந்து ஜெபித்தார். 23ஆம் சங்கீதம் வாசித்துப் பார்த்தோம். அடக்கத்தன்று வாசித்ததாலோ என்னவோ, அம்மா பாதியிலேயே எழுந்து போய்விடுகிறார். நண்பன் லாசரு இறந்தபோது இயேசு கண்ணீர் விட்டதைச் சொல்லும் யோவான் 11ஆம் அதிகாரம் எனக்கு ஆறுதல். இருளிலேயே முடிகிற 88ஆம் சங்கீதமும்தான். ஆனால் வாய்விட்டு ஜெபிக்கத் தொடங்கினால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. தம்பி பக்கத்திலேயே வருவதில்லை.

ஜெபம் நடத்தியவரை இழந்த வீடுகளில், முதல் நாள் எந்தப் பகுதியை வாசித்து மறுபடி ஆரம்பித்தீர்கள்?