மறு: மறு: மெழுகுதிரிக் குழியில் ஊற்றும் இரண்டாம் ஊற்று

எல்லோருக்கும் வணக்கம்.

மெழுகுதிரி செய்யும் பெண்கள் குழுவுக்கான பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்னால் குழுப் பெண்கள் கையில் அது இருக்க வேண்டும். நான் கேட்டது ஒரே ஒரு சொல், மெழுகு இறுகும்போது விழும் குழியில் இரண்டாம் தரம் ஊற்றுவதற்கு. வந்த மடல்கள் 19, அதில் 11 மெழுகுதிரியா மெழுகுவர்த்தியா என்று. வர்த்தி வடசொல், அதற்கும் பொருள் திரிதான், நெடுநல்வாடையில் யவனர் செய்த பாவை விளக்கிலேயே 'பரூஉத் திரி' எரிகிறது, எல்லாம் சரி ஐயா. குமரியில் அந்தச் சண்டையே கிடையாது. கோயிலுக்கு வாங்கிப் போவதும் கரண்டு போனால் தேடுவதும் மெழுகுதிரிதான்.

மறுபடியும் சொல்கிறேன். அலுமினிய அச்சின் உட்புறம் எண்ணெய்த் துணியால் துடைத்து, நூலை இழுத்துக் கட்டி, அச்சை மூடி, உருக்கிய மெழுகை ஊற்றித் தண்ணீரில் வைக்கிறார்கள். அச்சை ஒட்டியது முதலில் இறுகும், நூலைச் சுற்றியிருப்பது கடைசியில். இறுகும்போது மெழுகு சுருங்குமல்லவா, நூலோரம் குழி விழும். அதில் இன்னொரு தரம் ஊற்ற வேண்டும். அந்த ஊற்றுக்குத்தான் பெயர்.

> மறுவார்ப்பு என்க. தோசையும் வார்க்கிறோம், சிலையும் வார்க்கிறோம். மெழுகுக்கு என்ன குறைச்சல்?

அழகான சொல்தான் ஐயா. மறு என்றால் நிலவின் களங்கமும்கூட, குறையை மூடும் வார்ப்பு என்றும் கொள்ளலாம் என்று நீங்கள் ஒரு பக்கத்துக்கு எழுதியதை ரசித்தேன். ஆனால் மறுவார்ப்பு என்று படிக்கிற பெண், கோணிப்போன திரியை உருக்கித் திரும்ப வார்க்கச் சொல்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். அந்த வேலையும் அவர்கள் வீட்டில் நடக்கிறதே.

> மீள்வார்ப்பு?

மீள் என்றால் திரும்பி வருவது. போன மெழுகு எங்கே திரும்பி வந்தது?

நேற்று மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன்: "இதுக்கு என்னக்கா சொல்லுவிய?"

"குழி அடைக்கது. வேற என்ன?"

வாயை நசுக்கிக் கூராக்கிய பழைய டம்ளர் ஒன்று அவர் கையில் இருந்தது. அதால் நூலோரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காட்டினார். முதல் ஊற்றின் மட்டத்தைத் தாண்டிவிட்டால் மெழுகு திரிக்கும் அச்சுக்கும் நடுவில் இறங்கிப் பிடித்துக்கொள்ளுமாம், அப்புறம் அச்சைத் திறந்தால் திரி உரிந்து வரும்.

ஆகவே குழியடைப்பு. ஆதரவு நான்கு பேர், அதில் இருவர் "எதையாவது போட்டு முடியுங்கள்" என்று எழுதியவர்கள். அடைப்பு என்றாலே சாக்கடையும் மாரடைப்பும்தான் நினைவுக்கு வருகின்றன என்று ஐயா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பின்னிணைப்புச் சொல்லடைவில் மறுவார்ப்பும் இருக்கும், அதற்கு மேல் என்னால் ஆகாது.

தயவுசெய்து அந்த எண்ணெய்த் துணிக்கு யாரும் பெயர் வைக்க வேண்டாம்.