அம்மாவின் பிரஷர் மாத்திரையால் சீனி ஏறுமா?

கவிதா, செந்தூல்:
அம்மாவுக்கு 62 வயது. ரொம்ப வருஷமாக ரத்தக் கொதிப்புக்கு அட்டெனோலோல் சாப்பிடுகிறார், அதிலும் பிரஷர் இறங்கவில்லை என்று போன வருஷம் ஹைட்ரோகுளோரோதையசைடு என்ற நீர் மாத்திரை 25 மி.கி. சேர்த்தார்கள். இப்போது வெறும் வயிற்றில் ரத்தச் சீனி 6.4 mmol/L, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சீனி) 6.0 சதவீதம். குடிப்பது தே ஓ கோசோங்தான் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்), குடும்பத்தில் யாருக்கும் இனிப்பு நீர் கிடையாது. மாத்திரைதான் காரணமா? பயந்துபோய் இரண்டையும் நிறுத்தப்போகிறேன் என்கிறார்.

சரவணன், பட்டர்வொர்த்:
பார்மசியில் வேலை செய்கிறேன். முதலில் அம்மாவை நிறுத்த விடாதீர்கள், முக்கியமாக அட்டெனோலோலை. அதைத் திடீரென்று விட்டால் துடிப்பும் பிரஷரும் எகிறும், இதயக் கோளாறு இருந்தால் மாரடைப்பு வரைகூடப் போகலாம்.

காரணமாக இருக்கலாம். இரண்டுமே சீனியைக் கொஞ்சம் ஏற்றும், சேர்ந்தால் கூடுதலாக. தையசைடு, அதாவது அந்த நீர் மாத்திரை, பொட்டாசியத்தைச் சிறுநீரோடு வெளியேற்றும், பொட்டாசியம் குறைந்தால் கணையம் இன்சுலினைச் சரியாகச் சுரக்காது. யூரிக் அமிலமும் ஏறும். அதனால் இவை இரண்டையும் ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். நம் மலேசியாவில் எச்பிஏ1சி 6.3 வந்தால்தான் இனிப்பு நீர், அம்மா அதற்கு முந்தின கட்டத்தில் இருக்கிறார்.

மாலதி, ஜெலுத்தோங்:
அப்பாவுக்கும் இதேதான். டாக்டர் அட்டெனோலோலைப் படிப்படியாகக் குறைத்து பெரின்டோபிரில் என்ற வேறு பிரஷர் மாத்திரை கொடுத்தார், ராத்திரியெல்லாம் வறட்டு இருமல், அப்புறம் லோசார்டானுக்கு மாற்றினார். நீர் மாத்திரை பாதியானது. சீனி இறங்கியது, ஆனால் மாத்திரை மாற்றியதால் மட்டும் என்று சொல்ல மாட்டேன், ராத்திரி ரொட்டி சானாயையும் அப்போதுதான் விட்டார்.

சரவணன், பட்டர்வொர்த்:
மாலதி அக்கா சொல்வது சரி. பெரின்டோபிரில், லோசார்டான், அம்லோடிபின் எதுவும் சீனியை ஏற்றாது. அதற்காக நீர் மாத்திரையை விஷமாக நினைக்க வேண்டாம். 2002இல் வெளிவந்த, பிரஷர் மாத்திரைகளை ஒப்பிட்ட ஆல்ஹாட் ஆய்வில் 4 வருஷத்தில் புதிதாக இனிப்பு நீர் வந்தவர்கள், தையசைடு போன்ற நீர் மாத்திரையான குளோர்தாலிடோன் எடுத்தவர்களில் 11.6 சதவீதம், அம்லோடிபினில் 9.8, பெரின்டோபிரில் வகையைச் சேர்ந்த லிசினோபிரிலில் 8.1. ஆனாலும் குளோர்தாலிடோன் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு அதிகமாகவில்லை. கொதிப்பு கட்டுக்குள் இருப்பதுதான் முக்கியம். ஒன்று கேட்க வேண்டும், அட்டெனோலோல் பிரஷருக்கு மட்டுமா, இல்லை நெஞ்சு வலிக்கோ படபடப்புக்கோ ஆரம்பித்ததா? அதைப் பொறுத்துத்தான் மாற்ற முடியும்.

கவிதா, செந்தூல்:
தெரியவில்லை அண்ணா, கிளினிக் கெசிஹாத்தான் (அரசு சுகாதார கிளினிக்) பழைய புத்தகத்தில் தேடிப் பார்க்கிறேன். மாத்திரையை விட மாட்டேன் என்று அம்மா ஒத்துக்கொண்டார். அடுத்த வாரம் அப்பாயின்ட்மென்ட், பொட்டாசியமும் யூரிக் அமிலமும் எடுக்கச் சொல்கிறேன்.