"வாயைக் கட்டினால் போதும்" என்று உங்களிடம் சொன்னவர் யார்?

ஈசூன் அக்கா:

சென்ற ஆவணியில் என் அண்ணன் மகள் திருமணத்தில் நடந்ததை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் சொன்னால், "இதைப் போய் இன்னுமா மனத்தில் வைத்திருக்கிறாய்" என்பார்கள். சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம், இரண்டாம் பந்தி, எனக்கு இடப்புறம் என் தங்கை. பரிமாற ஆள் போதாததால் எங்கள் சித்தப்பாவே பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தங்கையின் இலையில் ஒரு கரண்டி ஊற்றினார். அவள் கேட்காமலே இன்னொன்றும் ஊற்றினார். பிறகு அந்தக் கரண்டி என் இலைக்கு மேலே வந்து நின்றது. அதன் விளிம்பில் ஒரு முந்திரிப்பருப்பு ஒட்டிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. "உனக்கு வேண்டாம்தானே அம்மா, வாயைக் கட்டினால் போதும், எல்லாம் குறைந்துவிடும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அவர் அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டார். ஒரே ஒரு சொட்டு என் இலையில் விழுந்து சாம்பாரோடு கலந்தது.

சித்தப்பா கெட்டவர் அல்லர். என் கணவர் வேலையில்லாமல் இருந்த நாள்களில் கேட்காமலே பணம் கொடுத்தவர். நானும் தங்கையும் புக்கிட் மேராவில் மூவறை வீடு ஒன்றில், ஒரே அம்மாவின் கைச்சமையலில் வளர்ந்தவர்கள்; பன்னிரண்டு பதின்மூன்று வயதிலிருந்தே நான் பூசினாற்போல் இருந்தேன், அவள் ஒல்லிக்குச்சியாக இருந்தாள். இப்போது எனக்கு 84 கிலோ, அவளுக்கு 51. ஆறு ஆண்டுகளாக நான் குடிப்பது சீனி போடாத தேநீர். அன்றைக்கும் எனக்குப் பாயசம் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்; அதைச் சொல்ல அவர் எனக்கு வாய்ப்பே தரவில்லை. உங்களில் எவருக்கேனும் இப்படி நேர்ந்திருக்கிறதா?

கடைசி வரிசை:

பள்ளியில் பருமனான பிள்ளைகளின் எடையைக் குறைக்க நடத்திய "டிரிம் அண்ட் ஃபிட்" திட்டத்தில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1992இல் தொடங்கி 2007இல் கைவிடப்பட்ட அந்தத் திட்டத்தின் நடுப்பகுதியில் நான் தொடக்கநிலை 4இல் படித்தேன். இடைவேளை மணி அடித்ததும் எல்லாரும் உணவகத்துக்கு ஓடுவார்கள். நாங்கள் ஏழு பேர் திடலுக்குப் போவோம். கயிறு தாண்டுதல், பிறகு மூன்று சுற்று ஓட்டம். உணவகம் திடலை ஒட்டியே இருந்ததால், ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பக்கம் வரும்போது மீ கோரெங் தாளிக்கும் வாசனை முகத்தில் அறையும். ஒருநாள் அந்தத் திட்டத்தின் மூன்று ஆங்கில எழுத்துகளையும் யாரோ கரும்பலகையில் தலைகீழாக எழுதி வைத்திருந்தார்கள். டி, ஏ, எஃப் என்பதைத் திருப்பிப் படித்தால் என்ன சொல் வரும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வகுப்பு ஆசிரியை உள்ளே வந்து, அதைப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு அழித்தார். எழுதியவனை நான் மறந்துவிட்டேன். அந்த அடக்கிய சிரிப்பை மறக்க முடியவில்லை.

தெக்கோங் 19:

நான் மாற்றுக் கருத்தைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தேசிய சேவைக்குப் போனபோது என் எடை 104 கிலோ. மற்றவர்களுக்கு அடிப்படை இராணுவப் பயிற்சி ஒன்பது வாரம் என்றால், உடல்பருமனானவர்கள் என்று பிரிக்கப்பட்ட எங்களுக்குத் தெக்கோங் தீவில் 19 வாரம். அணிவகுத்து வெளியே வந்த நாளில் 82 கிலோ. இடைவாரின் கடைசித் துளையும் போதாமல் போனபோது, என் படுக்கைக்குப் பக்கத்துப் படுக்கைக்காரன் கத்தி முனையால் தோலைக் குடைந்து புதிய துளை போட்டுத் தந்தான். அந்தத் துளை கோணலாக, பிசிறடித்துப்போய் இருக்கும். அதைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் வந்த பெருமையை இன்றுவரை வேறு எதுவும் எனக்குத் தந்ததில்லை. என் அப்பா, தாத்தா, அத்தைமார் எல்லாரும் கனத்த உடம்புக்காரர்கள்தாம். அதே மரபணுதான் எனக்கும் இருந்தது. ஆகவே, "எங்கள் குடும்ப வாகு" என்று யாராவது சொல்லும்போது எனக்கு அது சாக்காகத்தான் தோன்றுகிறது. கையைப் பிடித்து வாயில் ஊட்டுபவர் யாரும் இல்லையே.

வெள்ளைச் சீருடை:

தம்பி தெக்கோங், நீங்கள் சாதித்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால், அந்த 19 வாரமும் உங்களுக்காகச் சமைத்தவர் வேறு ஒருவர், உறங்கும் நேரத்தைக் குறித்தவர் வேறு ஒருவர், சுற்றிலும் கடல். உங்கள் உறுதியோடு இவையும் சேர்ந்துதானே அந்த 22 கிலோவைக் குறைத்தன?

நான் பலதுறை மருந்தகம் ஒன்றில் தாதியாக இருக்கிறேன். எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறுவதற்கு முன் மனிதர்கள் செய்வதைப் பார்த்தால் உங்களுக்கு இந்த விவாதமே வேறுவிதமாகத் தெரியும். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா முதலில் செருப்பைக் கழற்றினார், பிறகு கைக்கடிகாரம், பிறகு சவர்க்காரம் போட்டுத்தான் கழலும் அளவுக்கு இறுகியிருந்த வளையல்களைத் திருகித் திருகிக் கழற்ற முயன்றார். "விடுங்கள் அம்மா, அதனால் என்ன கூடிவிடப் போகிறது" என்றேன். "டாக்டர் திட்டுவார் அம்மா" என்றார். மணிக்கட்டு சிவந்துவிட்டது. தேர்வில் தோற்ற பிள்ளையின் முகம் அது.

சாக்கு என்று சொன்னதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆராய்ந்து ஸ்டன்கார்ட் குழுவினர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுடைய உடல்வாகு பெற்றெடுத்தவர்களை ஒத்திருந்தது. ஒரே மேசையில் உட்கார வைத்துச் சோறு போட்டு வளர்த்தவர்களை ஒத்திருக்கவில்லை. உடலில் சேரும் கொழுப்பே ஒரு சுரப்பின் வழியாக மூளைக்குச் செய்தி அனுப்புகிறது என்பது, நியூயார்க்கில் ஃபிரீட்மன் குழுவினர் லெப்டின் என்ற அந்தச் சுரப்பைக் கண்டுபிடித்த 1994இல் தெளிவாயிற்று. 2011இல் வெளியான மெல்பர்ன் ஆய்வு ஒன்றில், பத்து வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் எடை குறைத்தவர்களுக்கு ஓராண்டு கழிந்த பிறகும் பசியைத் தூண்டும் சுரப்புகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. உடம்பு இழந்ததைத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்பதுதான் இதன் பொருள்.

அதற்காக எல்லாம் பிறப்பிலேயே எழுதியது என்றும் நான் சொல்லவில்லை. இந்த நாட்டில் உடல்பருமன் கூடிக்கொண்டே வருகிறது; ஒரு தலைமுறைக்குள் நம் மரபணு மாறிவிடவில்லை, நம்மைச் சுற்றியுள்ள சாப்பாடும் உட்கார்ந்தே பார்க்கும் வேலையும்தான் மாறியிருக்கின்றன. ஒரே மழைதான் பெய்கிறது; ஒரு நிலத்தில் வடிந்துவிடுகிறது, இன்னொன்றில் தேங்கி நிற்கிறது.

காலை நடை:

பெருவிரைவு ரயிலில், காலை நெரிசலில், என் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. நின்றவர்கள் யாரும் அதில் உட்காரவில்லை. அவ்வளவுதான் என் அனுபவம்.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றை இங்கே உள்ள சகோதரிகளும் தம்பிகளும் பின்பற்றினால் நன்மை உண்டு. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று நம் முன்னோர் காரணமில்லாமல் சொல்லவில்லை. வாரம் மூன்று நாள் கொள்ளு ரசம் வையுங்கள், ஆனால் அதற்குத் தொட்டுக்கொள்ள அப்பளம் பொரிக்காதீர்கள். சோற்றைப் பாதியாக்கிவிட்டுக் கீரையைக் கூட்டுங்கள். மாலை ஏழு மணிக்குமேல் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம். புளோக்கின் கீழ்த்தளத்திலேயே நாற்பது நிமிடம் நடக்கலாம், மழை என்ற சாக்கும் இல்லை. பானம் வாங்கும்போது சீனி அளவைப் பார்த்துத் தரம் பிரிக்கும் நியூட்ரி-கிரேடு முத்திரையைப் பாருங்கள்: 2022 டிசம்பர் 30 முதல் பொட்டலப் பானங்களுக்கும், அடுத்த ஆண்டு அதே நாளில் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் அது நடப்புக்கு வந்துவிட்டது, 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்குமேல் சீனி இருந்தால் அது "டி" தரம், அதைத் தொடவே வேண்டாம். காப்பிக்கடையில் "கோசோங்" என்று ஒரு சொல் சொன்னால் சீனியே போட மாட்டார்கள். அந்த ஒரு சொல்லைச் சொல்ல என்ன தயக்கம்? ஈசூன் அக்கா, நீங்கள் தேநீரை மட்டும் சொன்னீர்கள், இரவில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லவில்லை. வெந்தயத்தை இரவில் ஊறவைத்து...

ஈசூன் அக்கா:

ஐயா, கொள்ளு, வெந்தயம், கீரை, நடை ஆகிய நான்கையும் உங்களுக்கு முன்பே எட்டுப் பேர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். இரவுச் சாப்பாடு ஆறரை மணிக்கு முடிந்துவிடும். நான் கேட்டது வேறு.

முதற்பதிவில் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். இரண்டு கரண்டிப் பாயசம் வாங்கிய என் தங்கைக்கு மார்ச்சில் நீரிழிவு என்று தெரியவந்தது. என் இரத்தச் சர்க்கரை இன்றுவரை அளவோடுதான் இருக்கிறது.

வெள்ளைச் சீருடை:

அக்கா, தங்கையைப் பற்றிக் கேட்டதில் வருத்தம். ஒல்லியாக இருப்பவர்களை நாங்களும் சில நேரம் கவனிக்கத் தவறிவிடுகிறோம். புனேயைச் சேர்ந்த யாக்னிக் என்ற மருத்துவரும் லண்டனைச் சேர்ந்த யுட்கின் என்ற மருத்துவரும் 2004இல் தங்கள் படத்தையே ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. ஆனால், யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக் உடலில் 21.2 விழுக்காடு. ஆசியர்களுக்கு 23இலிருந்தே எச்சரிக்கை, 27.5இலிருந்து அதிக ஆபத்து என்று குறைத்து வைத்திருப்பது இந்தக் காரணத்தால்தான். பந்தியில் பரிமாறுகிறவர் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாத விஷயம் இது.

வெள்ளிக்கிழமை ஊசி:

நான் இதுவரை யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன். கடந்த பத்து மாதமாக, வாரம் ஒருமுறை வயிற்றில் செமாகுளூட்டைட் என்ற எடை குறைப்பு மருந்தை ஊசியாகப் போட்டுக்கொள்கிறேன். எடை குறைந்த கதை எல்லாரிடமும் இருக்கும், அதை விட்டுவிடுகிறேன். ஐந்தாம் வாரமோ ஆறாம் வாரமோ, ஒரு சனிக்கிழமைக் காலை, எங்கள் வட்டாரக் காப்பிக்கடையில் மகனுக்குப் பரோட்டா வாங்க வரிசையில் நின்றேன். மாவை வீசி விரிக்கிறார், கல்லில் நெய் சீறுகிறது, நான் கைப்பேசியில் செய்தி படித்துக்கொண்டிருக்கிறேன். என் முறை வந்தபோதுதான் திடுக்கிட்டேன்: நான் அந்தக் கல்லைப் பார்க்கவே இல்லை. இத்தனை ஆண்டுகளாக அந்தக் கடையைக் கடக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு வழக்கு நடக்கும். ஒன்று மட்டும் சாப்பிடலாமா, முட்டை போட்டதா, சீனி தொட்டா, இரவு பட்டினி கிடந்து சரிக்கட்டலாமா என்று வாதமும் எதிர்வாதமும் ஓடும். வென்றாலும் களைப்பு, தோற்றாலும் களைப்பு. அன்றைக்கு அந்த வழக்கே நடக்கவில்லை. மற்றவர்கள் பிறந்ததிலிருந்து இப்படித்தான் இருக்கிறார்களா என்று தோன்றியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைக்காரர் குழம்பு சிந்திவிட்டதோ என்று பயந்துபோய்த் துடைக்கத் தாள் கொடுத்தார்.

என் மச்சான் இதைக் குறுக்கு வழி என்கிறார். அவரிடம் நான் கேட்டது இதுதான்: என் மனவுறுதி போதாமல்தான் நான் பருமனாக இருந்தேன் என்றால், அந்த ஊசிக்குள் என்ன இருக்கிறது, மனவுறுதியா? இந்த மருந்தைப் பற்றி 2021இல் வெளியான ஆய்வில் 1,961 பேர் இருந்தார்கள். இரு பிரிவினருக்கும் ஒரே உணவு ஆலோசனை, ஒரே உடற்பயிற்சி ஆலோசனை. 68 வாரம் கழித்து, மருந்து ஏறியவர்களுக்குச் சராசரியாக ஏறத்தாழ 15 விழுக்காடு எடை குறைந்திருந்தது. மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களுக்கு 2.4 விழுக்காடு. பொறுப்பில்லாதவர்கள் எல்லாரும் ஒரே பிரிவில் போய் விழுந்துவிட்டார்களா என்ன? நிறுத்தினால், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பிவிடுவதாகவும் அதே மக்களைத் தொடர்ந்து பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். செலவு தாங்காமல் நானே இடையில் நிறுத்திப் பார்த்தேன். மூன்றாம் வாரம், இரவு பதினொன்றரை மணிக்கு, குளிர்பதனப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். வழக்கு மறுபடி தொடங்கிவிட்டது.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஊசி நடக்க வைக்காது, கீரை வாங்கி வராது. அவற்றை நான்தான் செய்கிறேன், முன்பும் செய்தேன். முன்பு செய்தபோது பலன் தெரியவில்லை என்பதால் நான் செய்ததாகவே யாரும் நம்பவில்லை.

தெக்கோங் 19:

நேற்றே பதில் எழுதத் தொடங்கி அழித்துவிட்டேன். வெள்ளைச் சீருடை அக்கா கேட்காமல் விட்ட கேள்வியை நானே சொல்கிறேன்: இன்று காலை என் எடை 97. சேவை முடித்த மூன்றாம் ஆண்டிலேயே திரும்ப ஏறத் தொடங்கிவிட்டது. வேலை, இரவுப் பணி, இரண்டு பிள்ளைகள் என்று காரணம் அடுக்கலாம். மற்றவர்கள் அடுக்கியபோது நான் சாக்கு என்றேன், ஆகவே அடுக்க மாட்டேன். அந்த இடைவாரை வைத்திருக்கிறேன். கோணல் துளை இப்போது கொக்கியிலிருந்து நான்கு விரல் தள்ளி நிற்கிறது.

இருந்தாலும் என் கருத்தை முழுவதும் விட்டுவிட முடியவில்லை. 104க்குப் போகாமல் 97இல் நிற்பதற்கு நான் தினமும் ஏதோ செய்கிறேன். அதையும் உடம்பின் கணக்கில் எழுதிவிட்டால் எனக்கென்று என்ன மிஞ்சும்?

கடைசி வரிசை:

தெக்கோங், உங்கள் பெருமையை யாரும் பறிக்கவில்லை. நீங்கள் பெருமைப்பட்ட அதே அளவுக்கு நாங்கள் ஏழு பேர் வெட்கப்பட வேண்டியிருந்தது என்பதைத்தான் சொல்கிறேன். மூன்று சுற்றும் நாங்களும் ஓடினோம்.

ஈசூன் அக்கா:

நேற்று இரவு சித்தப்பா தொலைபேசியில் பேசினார். தங்கையின் நீரிழிவைப் பற்றி அம்மா சொல்லித்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. "சின்னவளுக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "உனக்கு இல்லையே, சின்னவளுக்கா?" என்று மறுபடி கேட்டார். பிறகு வெகுநேரம் இருவரும் பேசவில்லை. அவர் வீட்டுத் தொலைக்காட்சியில் எட்டரை மணிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.